களியிக்காவிளையோடு முடிகிறதா தலைநகரம்?

திருவனந்தபுரம் மெட்ரோ ரயிலின் முதற்கட்ட வழித்தடத்துக்குக் கேரள அரசு 2025 நவம்பரில் ஒப்புதல் வழங்கியது. பாப்பனங்கோட்டில் தொடங்கி, பாளையம், ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், டெக்னோபார்க், விமான நிலையம் வழியாக ஈஞ்சைக்கல்லில் முடியும் 31 கிலோமீட்டர் பாதை அது; 27 நிலையங்கள். நகரின் வடபுறத்துத் தகவல் தொழில்நுட்ப வளாகங்களைச் சுற்றிவரும் அப்பாதை, தெற்கே பாப்பனங்கோட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை எனக் களியிக்காவிளை எல்லை வரை இன்னும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உண்டு. தலைநகரத்தின் கட்டடங்களில் சாந்து சுமப்போரும், துணிக்கடைகளில் பகல் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்களும், மருத்துவமனைகளில் துப்புரவுப் பணி செய்வோரும் நாள்தோறும் வந்து திரும்பும் வழி இதுவே.

மெட்ரோ நெய்யாற்றின்கரை வரை நீள வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றியதன்று இக்கட்டுரை. அக்கோரிக்கையில் நியாயம் இருக்கலாம். அது நிறைவேற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது வேறு கணக்கு. இங்கே எழும் கேள்வி, ஒரு பெருநகரப் பகுதி எங்கே முடிகிறது என்பதை யார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதாகும். திட்டம் வகுப்போரின் வரைபடத்தில் அது மாவட்ட எல்லையோடு முடிகிறது. இஞ்சிவிளையைத் தாண்டினால் தாள் வெறுமையாகிவிடுகிறது. ஆனால் காலை ஐந்து மணிக்கு மார்த்தாண்டத்திலும் படந்தாலுமூட்டிலும் வேலைக்குப் புறப்படும் மக்களுக்குத் திருவனந்தபுரமே அருகிலுள்ள பெருநகரம். விளவங்கோடு வட்டத்து நோயாளிக்கு மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையமும் மதுரையைவிட அண்மையில் இருக்கின்றன. மறுபுறம், பாறசாலை, வெள்ளறடை, குன்னத்துக்கால் ஊராட்சிகளின் இளைஞர்கள் கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பொழியூரில் ஏற்றிய மீன்கூடை நீரோடி, கொல்லங்கோடு வழியாக உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போகிறது. ஊரம்பிலும் பனச்சமூட்டிலும் எல்லைக்கோடு கடைத்தெருவை ஒட்டியே செல்கிறது. அங்கே தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குவதைக் கேட்பவருக்கு, எந்தச் சொல் எந்த மாநிலத்துக்கு உரியது என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று.

இந்தச் சாலையில் பொதுப் போக்குவரத்து பிறந்த கதை நினைவுகூரத் தக்கது. திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையை அமைப்பதற்காக 1937இல் ஈ.ஜி. சால்ட்டர் என்பவரைக் கண்காணிப்பாளராக நியமித்தது. அவர் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றியவர். அந்த வாரியம் 1933இல் உருவானது; ஒன்றோடொன்று போட்டியிட்ட தனியார் பேருந்துகளையும் டிராம்களையும் சுரங்க ரயில்களையும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. நகராட்சி எல்லையைக் கணக்கில் கொள்ளாமல், மக்கள் எதுவரை போய்வருகிறார்களோ அதுவரை தன் அதிகாரப் பரப்பை வகுத்துக்கொண்டது. தொழிற்கட்சித் தலைவர் ஹெர்பர்ட் மோரிசன் முன்வைத்த திட்டம் அது. அந்த அனுபவத்தோடு வந்தவர் தொடங்கிய திருவிதாங்கூர் அரசுப் பேருந்து, 1938 பிப்ரவரி 20 அன்று திருவனந்தபுரத்திலிருந்து கவடியாறுக்கு முதல் ஓட்டம் ஓடியது. விரைவிலேயே நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் சென்றது. மன்னராட்சியின் கீழ், மன்னர் குடும்பத்தார் முதல் பயணிகளாக அமர்ந்து தொடங்கிவைத்த சேவைதான். அதனைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஆயினும் 87 கிலோமீட்டர் சாலை முழுவதும் ஒரே கால அட்டவணையும் ஒரே கட்டண விகிதமும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மொழிவழி மாநிலங்களுக்காகப் போராடிய இயக்கங்களில் பொதுவுடைமை இயக்கம் முன்னின்றது. அந்தக் கோரிக்கை சரியானது என்பதில் இன்றும் ஐயமில்லை. தாய்மொழியில் கல்வியும் நிர்வாகமும் பெறும் உரிமை உழைக்கும் மக்களின் உரிமை. கோடு எங்கே விழுந்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை மீண்டும் கிளறுவோர் இரு பக்கமும் உண்டு. அவர்களுடைய பேச்சால் ஊரம்பில் காத்து நிற்பவருக்கு ஒரு பேருந்தும் கூடுதலாக வரப்போவதில்லை.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. எல்லையை வகுத்த அதே மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம், 1956, மண்டல கவுன்சில்களையும் உருவாக்கியது. அக்கவுன்சில்கள் எவற்றை விவாதிக்கலாம் என்று கூறும் 21ஆம் பிரிவில், எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்து ஆகிய மூன்றும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து வருகின்றன. கோடு கிழித்தால் இம்மூன்றும் சேர்ந்தே எழும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தனர். பாறசாலைப் பகுதித் தமிழர் வாழ்வில் இம்மூன்றும் உண்மையில் பிரிக்க முடியாதவை: தமிழ்வழிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் பேருந்து வேண்டும். தென்மண்டல கவுன்சிலின் 30ஆவது கூட்டம் 2022 செப்டம்பர் 3 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில், ஒன்றிய உள்துறை அமைச்சர் தலைமையில் நடைபெற்றது. களியிக்காவிளைப் பேருந்து நிலையத்துக்கும் அந்தக் கூட்டம் நடந்த இடத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். சட்டம் காட்டிய வழி இத்தனை அருகில் இருந்தும், இந்த எல்லைக்கென ஒரு கூட்டு ஏற்பாடு இன்றுவரை உருவாகவில்லை.

இன்றைய நடைமுறையை ஆள்வது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 88ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற பெர்மிட், மறு மாநிலத்து அதிகாரி அதில் ஒப்பமிட்டாலன்றி அங்கே செல்லாது. இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு எந்தத் தடத்தில் யார் எத்தனை நடை ஓட்டுவது என்று பங்கிட்டுக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தத்தின் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். பின்னரே இறுதி செய்ய முடியும். நாகர்கோவில்–திருவனந்தபுரம் போன்ற நெடுந்தடத்துக்கு இம்முறை ஒருவாறு பொருந்தும். பனச்சமூட்டிலிருந்து காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு மாலையில் ஒரு நடை கூட்ட வேண்டும் என்றால், அதற்கும் இரு தலைநகரங்களின் செயலகங்கள் கோப்பு நகர்த்த வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, கேரளக் கழகம் 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் கீழ் அமைந்தது. தமிழ்நாட்டுக் கழகங்களோ நிறுமச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. ஒரு காலத்தில் மார்ஷல் நேசமணியின் பெயர் தாங்கிய நாகர்கோவில் கழகம், இப்போது திருநெல்வேலிக் கோட்டத்தின் ஒரு மண்டலம். களியிக்காவிளையின் நேரப் பட்டியலை மாற்றும் அதிகாரம், களியிக்காவிளையை விட்டு மேன்மேலும் விலகிப் போயிருக்கிறது.

சரக்குக்கு இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. 2010 முதல் சரக்கு லாரிக்குத் தேசிய பெர்மிட் முறை எளிதாக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரே கட்டணம் செலுத்திவிட்டு நாடெங்கும் ஓடலாம். ஜிஎஸ்டி வந்தபின் அமரவிளை போன்ற இடங்களின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. சுற்றுலாப் பேருந்து முதலாளிகளுக்கு 2023ஆம் ஆண்டு விதிகள் நாடு முழுவதற்குமான பெர்மிட்டை ஒரே விண்ணப்பத்தில் தருகின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்தின் பெட்டகங்கள் நாட்டின் ரயில் தடத்தை எட்டுவதற்காகப் பாலராமபுரம் வரை 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. அதில் ஒன்பது கிலோமீட்டர் நிலத்தடிச் சுரங்கம். பெட்டகம் பாலராமபுரத்தில் ரயிலேறினால் எல்லை எங்கே வந்தது என்று அறியாமலே கடந்துவிடும். பாலராம வர்மா காலத்தில் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் நெசவாளரின் வழித்தோன்றல்கள் இதே பாலராமபுரத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் நாகர்கோவில் பக்கத்து உறவினர் வீட்டுக்கு ஒரு நல்ல நாளில் போய்வர வேண்டுமானால், களியிக்காவிளையில் இறங்கி மறு பேருந்துக்குக் காத்திருக்க நேர்கிறது. மூலதனத்துக்கு எல்லை தடையாக இருந்தால் அதை நீக்கச் சட்டம் விரைந்து வருகிறது. உழைப்பாளிக்குத் தடையாக இருந்தால் அது இரு மாநிலங்களுக்கு இடையிலான சிக்கலான விவகாரம் என்று விளக்கம் வருகிறது.

அந்தக் காத்திருப்பின் விலையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அண்மைக் காலத்தில் இந்நாட்டின் உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள நலத்திட்டங்களுள் இதுவும் ஒன்று எனலாம். மார்த்தாண்டத்திலிருந்து களியிக்காவிளை வரும் பெண்ணின் கையில் மிஞ்சும் பணம், எல்லை தாண்டியதும் கேரளக் கழகப் பேருந்தின் கட்டணமாகக் கரையத் தொடங்குகிறது. 2022 மே முதல் கேரளத்தில் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். ஒரே பயணத்தை இரண்டாக முறித்தால் தொலைவுக்கேற்பக் குறைந்து வரும் கட்டணத்தின் பயன் போய், புதிதாக ஒரு முதற்கட்டணம் சேர்கிறது. மாணவருக்கு இரு பயண அட்டைகள் வேண்டும். ஒன்று மற்றொரு மாநிலத்தில் செல்லாது. முதல் கழகத்தின் பேருந்து ஐந்து நிமிடம் தாமதித்தால் மறு கழகத்தின் பேருந்து அதற்காகக் காத்திராது; காத்திருக்கச் சொல்லும் அதிகாரி எவரும் இல்லை. இரவில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் ஆட்டோவுக்குத் தரும் பணம், அன்றைய கூலியில் ஒரு நல்ல பங்கு. பெருந்தொற்றுக் காலத்தில் முடங்கிய இரு மாநிலப் பேருந்துப் போக்குவரத்து, 2021 டிசம்பர் 1 அன்றுதான் பழைய நிலைக்குத் திரும்பியது. அண்டையிலுள்ள பிற மாநிலங்களுக்குப் பேருந்துகள் ஓடத் தொடங்கிய பின்னும் இங்கே எல்லை வரை வந்து, இறங்கி, நடந்து, மறுபுறம் ஏறும் நிலை நீடித்தது. நோய்த்தடுப்பின் தேவை மறுக்க முடியாதது. ஆயினும் நாள்தோறும் இருபுறமும் போய்வரும் மக்களுக்காக இரு அரசுகளிடமும் பேச ஒரு பொது அமைப்பு இருந்திருந்தால், அந்த நடை இத்தனை மாதங்கள் நீண்டிருக்குமா என்று கேட்பதில் தவறில்லை.

எல்லையைப் பொருட்படுத்தாத அரசு நிறுவனம் ஒன்று இங்கே ஏற்கெனவே உண்டு. 1979இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது; அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் உருவானது. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை, இரணியல், நாகர்கோவில் அனைத்தும் அதன் ஒரே நிர்வாகத்தில் உள்ளன. ஒரே சீட்டில் எல்லை கடக்கலாம். அவ்வாறிருந்தும் இந்தத் தடம் புறநகர்ப் பயணிகளுக்கு உரியதாக வளரவில்லை. நெடுந்தொலைவு வண்டிகளுக்கு வழிவிட்டுச் சிறு நிலையங்களில் பாசஞ்சர் வண்டிகள் காத்துக் கிடப்பது பழகிப்போன காட்சி. இரட்டைப் பாதைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. நாகர்கோவில் பகுதியை மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்ற குரல் குமரி மாவட்டத்தில் அவ்வப்போது எழுவதற்குக் காரணம் இந்தப் புறக்கணிப்புணர்வே. உணர்வு நியாயமானது, தீர்வு சரியானதாகத் தோன்றவில்லை. கோட்டத்தின் எல்லையையும் மாநில எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினால், பேருந்துக்கு இன்று நேர்ந்திருப்பது நாளை ரயிலுக்கும் நேரும். காலை மாலை நெரிசல் நேரங்களில் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே எல்லா நிலையங்களிலும் நிற்கும் மெமு வண்டிகளைக் கோருவதும், அவை பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வந்து நிற்கும் நேரத்துக்கு ஏற்ப ஊர்ப்புறப் பேருந்துகளை அமைக்கக் கோருவதுமே கேரள, தமிழகப் பயணிகள் இரு தரப்பினரையும் ஒன்றுசேர்க்கக் கூடியவை.

இனி, ஏன் இப்பொழுது இதைப் பேச வேண்டும் என்பது. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பெருநகரங்களுக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, ஒன்றிய அரசின் உதவி பெற அதைக் கட்டாயமாக்கியது. தனியார் பங்கேற்பைத் திணிக்கும் அந்தக் கொள்கையை இடதுசாரிகள் விமர்சித்தது சரியே; ஆணையம் வேண்டும் என்ற பகுதி மட்டும் பயனுள்ளது. சென்னையில் இதற்கான சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டும் அந்தக் குழுமம் உண்மையில் இயங்கத் தொடங்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு என்பது 2025 செப்டம்பரில்தான் கைகூடியது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு பெருநகரப் போக்குவரத்து ஆணையச் சட்டத்தை 2019இல் கொண்டுவந்தது. நாட்டுக்கு முன்மாதிரியாகத் தக்க அச்சட்டத்தின்படி கொச்சிக்கான ஆணையம் 2020 நவம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. தலைநகருக்கு அதுபோல இயங்கும் ஆணையம் இல்லை என்பதை இயக்கத்துக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். மலையாள அறிக்கைகளில் ‘ஏகோபனம்’, தமிழ் அறிக்கைகளில் ‘ஒருங்கிணைப்பு’ என்று அச்சொல் தவறாமல் வருகிறது. மொழிபெயர்ப்பில் இடர்ப்பாடு ஏதுமில்லாத சொல். சாலையில்தான் இரண்டில் எதற்கும் பொருள் கிடைப்பதில்லை.

மெட்ரோவை முன்னிட்டுத் திருவனந்தபுரத்துக்கு ஓர் ஆணையம் அமைக்க வேண்டிய தேவை நெருங்குகிறது. அதன் அதிகாரப் பரப்பை வரையும்போது கோடு பாப்பனங்கோட்டில் நிற்குமா, நெய்யாற்றின்கரை நகராட்சியில் நிற்குமா, பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல், வெள்ளறடை ஊராட்சிகளையும் உள்ளடக்குமா என்பது இப்போது முடிவாகும். ஒருமுறை வரைந்த கோட்டைப் பிறகு நகர்த்துவது எத்தனை அரிது என்பதை இப்பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எல்லை ஊராட்சிகள் அனைத்தும் அதில் அடங்க வேண்டும். எல்லைத் தடங்களைப் பற்றிய முடிவுகளுக்கெனத் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறைக்கும், களியிக்காவிளைப் பேரூராட்சி, குழித்துறை நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்கும் இடம் தரும் துணைக்குழு ஒன்று அதன்கீழ் வேண்டும்.

இது மாநில உரிமையை விட்டுக்கொடுப்பதாகாதா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கூட்டாட்சி நாடான ஜெர்மனியில் ஹாம்பர்க் தனி மாநிலம். அதன் புறநகர்கள் வேறு இரு மாநிலங்களில் பரவியுள்ளன. அங்கே 1965இல், கேரளக் கழகம் உருவான அதே ஆண்டில், பல நிறுவனங்களின் ரயிலையும் பேருந்தையும் ஒரே அட்டவணை, ஒரே சீட்டின்கீழ்க் கொண்டுவரும் கூட்டமைப்பு தொடங்கியது. நிறுவனங்கள் தனித்தனியாகவே நீடித்தன. வருவாயைக் கணக்கிட்டுப் பகிர்ந்துகொண்டன. இந்தியாவிலேயே தேசியத் தலைநகர்ப் பகுதிக்கு 1985இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. டெல்லி–மீரட் விரைவு ரயிலை அமைத்த நிறுவனத்தில் ஒன்றிய அரசுக்குப் பாதிப் பங்கு; டெல்லி, அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவற்றுக்குத் தலா 12.5 விழுக்காடு. அதன் இயக்கத்தைப் பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்த முறை ஏற்கத்தக்கதன்று. ஆனால் நான்கு அரசுகள் ஒரு போக்குவரத்து அமைப்பைக் கூட்டாக நடத்துவதற்கு அரசமைப்பில் தடை எதுவும் இல்லை என்பதற்கு அது சான்று. இங்கே இரண்டே மாநிலங்கள். ஒன்றிய அரசின் தலைமையை எதிர்பாராமல் சமமானவர்களாக அமர்ந்து பேசக் கூடியவை.

தொழிலாளர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒருங்கிணைப்பு என்ற பெயரில் நடைகளைக் குறைப்பது, பணியிடங்களை நிரப்பாமல் விடுவது, தடங்களைத் தனியாருக்குத் தருவது ஆகியவற்றை இரு மாநில ஊழியர்களும் கண்டிருக்கிறார்கள். கேரளக் கழகத்தில் ஊதியமும் ஓய்வூதியமும் உரிய நாளில் கிடைப்பதே போராட்டமாக இருந்த ஆண்டுகள் உண்டு. ஆகவே கூட்டு அட்டவணை எதுவாயினும், இன்றுள்ள மொத்த நடைகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். துணைக்குழுவில் இரு கழகங்களின் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் உறுப்பினர்களாக வேண்டும். எந்த நேரத்தில் எந்த நிறுத்தத்தில் கூட்டம் காத்திருக்கிறது என்பதை நடத்துநரைவிட நன்கறிந்த வல்லுநர் இல்லை.

ஆணையம் வரும் வரை காத்திராமல் செய்யக் கூடியவையும் உள்ளன. எல்லைக்கு இருபுறமும் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் அடங்கும் குறுந்தடங்களை, இப்போதுள்ள இரு மாநில ஒப்பந்தத்துக்கு ஒரு துணை ஒப்பந்தத்தின் வழியே தனி வகையாக்கி, அவற்றின் நேரத்தையும் நடைகளையும் மாவட்ட அளவிலேயே மாற்றிக்கொள்ள அதிகாரம் தரலாம். பாறசாலை, பூவாறு, வெள்ளறடை டிப்போக்களின் அதிகாரிகளும் மார்த்தாண்டம், குழித்துறைப் பணிமனைகளின் அதிகாரிகளும் மாதம் ஒருமுறை கூடிப் பேசலாம். களியிக்காவிளை நிலையத்தில் இரு கழகங்களின் நேரங்களையும் சேர்த்துத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பலகையில் எழுதி வைக்கலாம். அதற்கு ஒரு வாளிச் சாயம் போதும். கேரளப் பேருந்தின் பெயர்ப்பலகையில் எல்லைத் தடங்களுக்காவது தமிழும், தமிழகப் பேருந்தில் மலையாளமும் இடம்பெற வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினரின் மிகச் சிறிய கோரிக்கை.

இதற்கு முன்கை எடுக்க வேண்டியவர்கள் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதித் தோழர்களும் விளவங்கோடு வட்டத் தோழர்களும். இரு மாநிலக் குழுக்களின் வழியே கடிதம் போய்த் திரும்பும் வரை அவர்கள் பொறுத்திருக்க வேண்டியதில்லை. களியிக்காவிளை, ஊரம்பு, பனச்சமூடு, கொல்லங்கோடு ஆகிய நான்கு இடங்களிலும் இரவு ஏழு மணிக்குப் பிறகு எந்தப் பேருந்து எப்போது வந்தது, எது வராமல் போனது, எத்தனை பேர் ஆட்டோவில் ஏறினர் என்று ஒரு மாதம் உட்கார்ந்து குறித்தால், ஊராட்சி மன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் வைக்கத் தக்க ஆவணம் கையில் இருக்கும். ஆணையத்தின் எல்லை வரையப்படுமுன் அது திருவனந்தபுரத்தையும் சென்னையையும் சென்றடைய வேண்டும்.